அசகுசா ரிக்‌ஷா சவாரி: ஏறலாமா, வேண்டாமா?

ஏறலாம். ஆனால் 10 நிமிடச் சவாரி எடுத்து நாலு செல்ஃபியோடு இறங்கிவிடுவதாக இருந்தால் வேண்டாம், அந்தக் காசுக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரலாம். குறைந்தது அரை மணி நேரம் எடுங்கள், காலையிலேயே போங்கள், வண்டி இழுப்பவரைப் பேச விடுங்கள். டோக்கியோவுக்குச் சுற்றிப்பார்க்க வரும் நம்மவர்கள் எல்லோரும், இங்கே நிஷிகசாயில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களிடம், ரிக்‌ஷா எப்படி, கேட்கிற காசுக்குத் தகுமா, மனுஷனை இழுக்கவிட்டு நாம் உட்கார்ந்து போவது சரியா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். எனக்கு அந்த வண்டி எவ்வளவு பிடித்ததோ அதே அளவு அதன் பெயரும் பிடித்துப்போனதுதான் காரணம்.

முதலில் இடம். டோக்கியோவின் அசகுசா பகுதியில் சென்சோஜி கோயிலுக்குப் போகிற வழியில், ராட்சத சிவப்புக் காகித விளக்கு தொங்கும் கமினரிமோன் வாசல் இருக்கிறதே, அதைச் சுற்றித்தான் ரிக்‌ஷாக்கள் நிற்கும். ஒரே கம்பெனி இல்லை, பல கம்பெனிகள். கருநீல மேல்சட்டை, காலோடு ஒட்டிய கால்சட்டை, பெருவிரல் தனியாகப் பிரிந்திருக்கும் ரப்பர் அடித் துணிச் செருப்பு என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கோலத்தில் நிற்பதால் கம்பெனி வித்தியாசம் நமக்குத் தெரியாது. கையில் ஒரு விலை அட்டை வைத்திருப்பார்கள். இரண்டு பேருக்கு அரை மணி நேரம் என்றால் 10,000 யென்னை ஒட்டி வரும், நம் காசில் 5,000 ரூபாய்க்கு மேல். ஒருவர் தனியாகப் போனால் பாதி விலை ஆகிவிடாது, ஆகவே ஜோடியாகப் போவதுதான் லாபம். டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை, ஜப்பானில் அந்தப் பழக்கமே கிடையாது, நீட்டினால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். ரிக்‌ஷா ஜப்பானியச் சொல் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். முழுச் சொல் ஜின்ரிகிஷா, ஜப்பானியர் அதை எழுதுவது மூன்றே எழுத்தில். விலை அட்டையிலேயே அந்த மூன்று எழுத்தும் பெரிதாக அச்சடித்திருக்கும், பார்த்துவிட்டு ஏறுங்கள். முதல் எழுத்து ஜின், மனிதர், காலை அகட்டி நிற்கும் ஆள் மாதிரி இரண்டே கோடு. இரண்டாவது ரிகி, பலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரியோகொகுவில் சுமோ மல்லர்கள் இருக்கிறார்களே, அவர்களை ரிகிஷி என்பார்கள், அதில் வரும் ரிகியும் இதுதான். மூன்றாவது ஷா, வண்டி. இது ஒரு தேரை மேலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று பழைய சீனத்தில் வரைந்த படத்திலிருந்து வந்த எழுத்து, நடுவில் அச்சும் சக்கரமும் இன்றைக்கும் அடையாளம் தெரிகிறது. மனித பலத்தில் ஓடும் வண்டி. அவ்வளவுதான், ஒளிவுமறைவு இல்லாத பெயர்.

இந்த ஷாவை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் டோக்கியோ முழுக்க அது காதில் விழும். ரயில் டென்ஷா, அதாவது மின்சார வண்டி. பழைய நீராவி ரயில் கிஷா, ஆவி வண்டி. சைக்கிள் ஜிடென்ஷா, தானே உருளும் வண்டி. மோட்டார் கார் ஜிடோஷா, தானே நகரும் வண்டி. பிளாட்பாரத்தில் ஒவ்வொரு ரயில் வரும்போதும் ஒலிபெருக்கியில் டென்ஷா வருகிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும். சென்னையில் சென்ட்ரல் வாசலில் நின்று நாம் தினமும் சொன்ன ரிக்‌ஷாவின் கடைசி எழுத்து அதில் இருக்கிறது என்று எனக்கு உறைத்த நாளிலிருந்து அந்த அறிவிப்பை நான் கவனிக்காமல் விட்டதில்லை.

சரி, சவாரி. வண்டியின் இரண்டு கைப்பிடித் தண்டும் தரையில் படும்படி சாய்த்து வைத்து, ஏறுவதற்கு ஒரு சின்னப் படிக்கட்டுப் பலகையும் போடுகிறார்கள். உட்காரும்போது உடம்பு முன்பக்கம் சரிகிற மாதிரி இருக்கும். மடிமேல் சிவப்புக் கம்பளி ஒன்றை விரித்துவிட்டு, தூக்கப் போகிறேன், பின்னால் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள் என்று எச்சரித்துவிட்டுத்தான் தண்டைத் தூக்குவார். தூக்கிய நொடியில் நாம் மல்லாந்துவிடுவோம் என்று அடிவயிறு ஒரு தரம் பகீர் என்கிறது, அப்புறம் சமநிலைக்கு வந்துவிடுகிறது. பின்பக்கம் கவிழாமல் தாங்குவதற்கு இரும்புத் தண்டும் வைத்திருக்கிறார்கள், நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கூட்டத்தின் தலைக்கு மேலே தெரு தெரியும். மோட்டார் சத்தம் இல்லை, துணிச் செருப்பு தார் ரோட்டில் படும் சத்தம் மட்டும் சீராகக் கேட்கும்.

எங்களுக்கு வாய்த்தவர் இருபதுகளில் இருக்கும் ஒரு பையன், தம்பி என்றே சொல்கிறேன். கையில் பலம் இருந்தால் போதாது, பாரத்தை அச்சின் மேல் நிறுத்தத் தெரிய வேண்டும், சரியாக நிறுத்திவிட்டால் தண்டு கையில் இருப்பதே தெரியாது, இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம் என்றார். ஒரு சரிவில் இறங்கும்போது அவர் உடம்பு முழுவதையும் பின்னால் கொடுத்துக் குதிகாலை ஊன்றி வந்ததைப் பார்த்தபோது அது புரிந்தது. நடைபாதையில் ஏறக் கூடாது, ரோட்டிலேயே கார் பஸ்ஸோடு சேர்ந்து சிக்னலில் நிற்க வேண்டும், ஏனென்றால் ஜப்பான் போக்குவரத்துச் சட்டத்தில் ரிக்‌ஷா சைக்கிளோடு சேர்த்து இலகு வாகனம் என்ற பிரிவில் வருகிறது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து லாரிக்காரர் நம் மடியையும் மடிமேல் இருக்கும் கம்பளியையும் பார்த்துக்கொண்டு நிற்பார், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்தார், முட்டி வலி, கோயில் வளாகம் முழுக்க நடக்க முடியாது, அதனால்தான் ரிக்‌ஷா எடுக்கலாம் என்று நினைத்தேன். வண்டியைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். "ஆளை இழுக்கவிட்டு நாம உக்காந்து போறதாம்மா? இதெல்லாம் கலைஞர் எப்பவோ ஒழிச்சாச்சு" என்றார். அவர் சொன்னது சரிதான், தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை 1973-ல் கருணாநிதி அரசு ஒழித்து, இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. அப்பாவுக்கு அதற்கு முந்தைய சென்னை நன்றாக நினைவிருக்கிறது. சித்திரை வெயிலில் உருகிய தாரில் வெறுங்காலோடு ஓடியவர்களைப் பார்த்து வளர்ந்தவரிடம் இது வெறும் சுற்றுலா என்று சொல்லி ஏற்றிவிட எனக்கும் வாய் வரவில்லை.

அவர் தயங்குவதைப் பார்த்த அந்தத் தம்பியே என்ன விஷயம் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் அப்பாவை ஒதோசான் என்று கூப்பிட்டு, அப்பா என்று அர்த்தம், இங்கே வயதில் மூத்த ஆண்களை அப்படியும் அழைப்பார்கள், நிதானமாகப் பதில் சொன்னார். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துத் தேர்வு வைத்த பிறகுதான் ஆள் ஏற்ற விட்டார்களாம், வழியெல்லாம் உள்ள கோயில், கடை, பாலம் எல்லாவற்றின் கதையும் மனப்பாடமாம், வருமானம் தன்னோடு படித்தவர்களைவிடக் குறைவில்லையாம், பிடிக்காவிட்டால் நாளைக்கே வேறு வேலைக்குப் போய்விட முடியுமாம். அப்பா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், வண்டி உன்னுடையதா, வாடகையா என்று. மெட்ராஸில் பெரும்பாலானவர்களுக்கு வண்டி சொந்தமில்லை, சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதலாளிக்கு நாள் வாடகை கட்ட வேண்டும். கம்பெனி வண்டி, வாடகை இல்லை என்று பதில் வந்தது. "அப்ப சரி" என்று ஏறிக்கொண்டார்.

இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் தனக்குள் கேட்டுக்கொண்டு ஏறுவது நல்லது என்பது என் கருத்து. கல்கத்தாவில் இன்றைக்கும் கையால் இழுக்கும் ரிக்‌ஷா ஓடுகிறது, அங்கே இழுப்பவருக்கு வேறு வழி இல்லை. ஒரே வண்டிதான், அதை இழுக்கும் ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். அசகுசாவிலும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ரிக்‌ஷா பிறந்த காலத்தில் இங்கே இழுத்தவர்களும் பரம ஏழைகள்தான், அவர்களும் வண்டியை வாடகைக்கு எடுத்தவர்கள்தான்.

அந்தப் பிறந்த கதையைத் தம்பி அரைகுறையாகத்தான் சொன்னார், எல்லா ரிக்‌ஷாக்காரர்களும் ஏறக்குறைய அதே பாடத்தைத்தான் சொல்கிறார்கள், அதனால் நான் கொஞ்சம் நிரப்புகிறேன். அதற்கு முன்னால் ஜப்பானில் ஆட்களைச் சுமந்தது ககோ, மூங்கில் தண்டில் தொங்கும் ஒரு கூடைப் பல்லக்கு, ஒருவர் போக இரண்டு பேர் சுமக்க வேண்டும். நாடு வெளியாட்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு குதிரை வண்டிகள் வந்தன, அவற்றைப் பார்த்துத்தான் இசுமி யோசுகே, தகயாமா கோசுகே, சுசுகி டோகுஜிரோ என்ற மூவர் 1869-ல் குதிரைக்குப் பதில் ஆள் இழுக்கும் வண்டியைச் செய்தார்கள் என்பது ஜப்பானியர் கணக்கு. 1870-ல் டோக்கியோ நிர்வாகம் தொழில் நடத்த அனுமதி கொடுத்ததும் இவர்களுக்குத்தான். யோகோஹாமாவில் இருந்த ஜோனதன் கோபிள் என்ற அமெரிக்கப் பாதிரியார் நோயாளி மனைவிக்காகச் செய்ததுதான் முதல் ரிக்‌ஷா என்று ஒரு கதையும் உண்டு, வெள்ளைக்காரப் பயணிகளிடம் சில ரிக்‌ஷாக்காரர்கள் அதையே முதலில் எடுத்துவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. யார் முதலில் செய்தார் என்பதில் சண்டை இருக்கலாம், பெயரும் தொழிலும் டோக்கியோவில் பிறந்தவை என்பதில் சண்டையே இல்லை.

ககோவில் ஒருவரைச் சுமக்க இரண்டு ஆள், ரிக்‌ஷாவில் இரண்டு பேரை இழுக்க ஒரே ஆள். இந்தக் கணக்குதான் ககோவை முடித்துவிட்டது. 1872-க்குள் சுமார் 40,000 ரிக்‌ஷாக்கள் ஓடின என்கிறார்கள். அந்தக் காலத்து டோக்கியோவில் குருமா என்று சும்மா சொன்னாலே ரிக்‌ஷா என்றுதான் அர்த்தம். குருமா என்பது ஷா எழுத்தின் இன்னொரு உச்சரிப்பு, சொந்த ஜப்பானிய உச்சரிப்பு, பொதுவாக வண்டி என்று பொருள். இன்றைக்குக் குருமா என்றால் கார். நம் வண்டியும் அப்படித்தானே, தாத்தா வண்டி கட்டு என்றால் மாட்டு வண்டி, இன்றைக்குப் பிள்ளைகள் வண்டியை எடு என்றால் பைக். எந்தக் காலத்தில் எது பழக்கத்தில் இருக்கிறதோ அதற்கு இந்தப் பொதுச் சொல் போய் ஒட்டிக்கொள்கிறது.

ரிக்‌ஷாவுக்கென்று தனியாக இன்னொரு எழுத்தும் இருக்கிறது, அசகுசாவில் கண்ணைத் திறந்து பார்த்தால் பெயர்ப் பலகைகளிலும் இழுப்பவர்களின் முதுகிலும் தென்படும். வண்டி எழுத்தின் இடப்பக்கம் ஒரு மனிதர் எழுத்தைச் சாய்த்து நிறுத்தி, இரண்டையும் ஒரே எழுத்தாக ஒட்டியிருப்பார்கள், படிப்பது குருமா என்றுதான். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார், அதுதான் எழுத்து. எங்கள் தம்பியின் மேல்சட்டை முதுகில் இது வெள்ளையில் அச்சடித்திருந்தது, அரை மணி நேரமும் எங்கள் கண்ணுக்கு நேரே அது ஏறி இறங்கிக்கொண்டே போனது. இதைப் பற்றி அவரிடம் கேட்டபோதுதான் மனப்பாடப் பேச்சை விட்டு இறங்கிச் சொந்தமாகப் பேச ஆரம்பித்தார், ஆகவே நீங்களும் இதைக் கேளுங்கள்.

அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1882 கதை. அந்த வருஷம் டோக்கியோவில் குதிரை டிராம் வந்தது. பிழைப்பு போய்விடும் என்று ரிக்‌ஷாக்காரர்கள் திரண்டு ஒரு கட்சி கட்டினார்கள், பெயர் ஷகைதோ. ஷா என்பது இதே வண்டி, கை என்றால் சங்கம், தோ என்றால் கட்சி. ஜப்பானிய மொழியில் சோஷலிஸ்ட் கட்சிக்கும் ஒலி அதேதான், ஷகைதோ, எழுத்து மட்டும்தான் வேறு. காதில் கேட்டால் சோஷலிஸ்டுகள், எழுதிப் பார்த்தால் வண்டிக்காரர்கள். தலைவர்கள் கைதாகி அந்தக் கட்சி சீக்கிரமே கலைந்துபோனாலும், பெயரை யோசித்தவர் கெட்டிக்காரர்.

இதற்குள் வண்டி கடல் தாண்டியிருந்தது. 1874-ல் ஷாங்காயில் ஓடியது, 1880-ல் சிங்கப்பூர் போனது, அதை ஒட்டிய வருஷங்களில் சிம்லா மலையில் வெள்ளைக்காரத் துரைசானிகளை ஏற்றியது, 1892-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குச் சேர்ந்தது. பெயர் மட்டும் எல்லா இடத்துக்கும் முழுசாகப் போகவில்லை. ஆங்கிலேயர் வாயில் முதலில் ஜின்ரிக்‌ஷா என்றுதான் இருந்தது, சிங்கப்பூரில் நீல் ரோடு முனையில் இன்னும் நிற்கிற பழைய ரிக்‌ஷா நிலையத்தின் பெயரில்கூட அந்த ஜின் இருக்கிறது. பேச்சுப் பழக்கத்தில் ஜின் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்தது வெறும் அசை என்று விட எனக்கு மனம் வரவில்லை, மூன்று எழுத்தில் மனிதர் என்ற எழுத்து அதுதான். பலமும் வண்டியும் மிஞ்சின, இழுத்தவர் பெயரிலிருந்து போய்விட்டார்.

சில ஊர்கள் அந்தச் சொல்லை வாங்காமல் தாங்களே பெயர் வைத்தன. வட சீனத்தில் அயல்நாட்டு வண்டி. ஷாங்காயில் மஞ்சள் வண்டி, அங்கே வாடகை ரிக்‌ஷாக்களுக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். வியட்நாமில் இழுவை வண்டி. பிரெஞ்சுக்காரர்கள் பூஸ் பூஸ் என்றார்கள், தள்ளு தள்ளு என்று பொருள், நம் புதுச்சேரியில் அது புஷ் புஷ் ஆகிவிட்டது. புதுச்சேரியில் அந்தப் பெயர் உண்மையிலேயே பொருந்தும், ஏனென்றால் அங்கே வண்டியைப் பின்னாலிருந்து ஆள் தள்ள, முன்னால் உட்கார்ந்தவரே கைப்பிடியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போவார், பழைய தபால் அட்டைப் படங்களில் பார்க்கலாம்.

நாம் ரிக்‌ஷா என்றே எடுத்துக்கொண்டோம். ஆனால் சைக்கிள் ரிக்‌ஷா வந்ததும் பழையதைப் பிரித்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது, அப்போதுதான் கை ரிக்‌ஷா என்றோம். ஜப்பானில் இருந்து வரும் வழியில் தொலைந்த ஆள் தமிழில் கையாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டார். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, அதனால்தான் எனக்கு இது இவ்வளவு பிடித்திருக்கிறது. இதை அப்பாவிடம் வண்டியில் வைத்தே சொன்னேன், "கைதான் இழுத்துச்சு, பின்ன என்ன சொல்றது" என்றார்.

அப்புறம் ஆட்டோ ரிக்‌ஷா. அதன் உடம்பு இத்தாலியில் பிறந்தது, பியாஜியோ கம்பெனி உலகப் போர் முடிந்த கையோடு வெஸ்பா ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு சக்கரமும் சரக்குப் பெட்டியும் வைத்துச் செய்த ஆபே என்ற மூன்று சக்கர வண்டி. வெஸ்பா என்றால் குளவி, ஆபே என்றால் தேனீ. அந்த வம்சத்து வண்டிக்கு நம் நாட்டில் ஜப்பானியப் பெயரின் மிச்சத்தை வைத்தோம், பிறகு அதையும் சுருக்கி ஆட்டோ என்று மட்டும் கூப்பிடுகிறோம். ஆட்டோ என்பது கிரேக்கத்தில் தானே என்று பொருள்படும் சொல். தமிழில் தானி என்று ஆக்கிக்கொண்டதும் அதே வழிதான், ஜப்பானியர்கள் காருக்கு ஜிடோஷா, தானே நகரும் வண்டி, என்று வைத்ததும் அதே வழிதான். ஜின் போனது, அடுத்து ரிகியும் ஷாவும் போயின. இன்றைக்குக் கோயம்பேட்டில் ஆட்டோ என்று கை தட்டும் ஒருவர் வாயில் ஜின்ரிகிஷாவின் ஒரு துளிகூட இல்லை.

டோக்கியோவில் ரிக்‌ஷாவை ஒழித்தது சட்டம் இல்லை, வேறு வண்டிகள்தான். குதிரை டிராம், மின்சார டிராம், பிறகு 1920களில் என்டகு. இதுவும் நல்ல சொல், என் என்றால் யென், டகு என்பது டாக்சியின் தலைப்பகுதி, ஊருக்குள் எங்கே போனாலும் 1 யென் என்று ஓடிய டாக்சி. போர் முடிந்து பெட்ரோல் கிடைக்காத நாட்களில் சைக்கிள் ரிக்‌ஷா தலைகாட்டியது, அதற்கு ரின்டகு என்று பெயர், ரின் என்றால் சக்கரம். நம் ஊரில் டாக்சிக்கு முன்னோடி ரிக்‌ஷா, இங்கே ஒரு ரிக்‌ஷா டாக்சியின் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்புரை ஆகாது. வாசலில் நிற்கும்போது கூப்பிடும் தொல்லை இருக்கிறது, மறுத்தாலும் சிலர் பத்தடி கூடவே வருகிறார்கள். நண்பர் குடும்பம் ஒன்றை ஏற்றியவர் முக்கால்வாசி நேரத்தைப் போட்டோ எடுத்துக் கொடுப்பதிலேயே கழித்துவிட்டார், அந்தக் கம்பெனி எது என்று எழுதப் போவதில்லை, ஆனால் ஏறும் முன்பே போட்டோ ஒரு இடத்தில் போதும், மற்றதெல்லாம் பேச்சு என்று சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் எல்லோருக்கும் ஒரே அளவு வராது. ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுபவர் வேண்டும் என்று கேட்டால் கம்பெனிக்குள்ளேயே ஆளை மாற்றித் தருவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வழி விஷயத்தில் எனக்கு இன்னும் பெரிய மனத்தாங்கல் உண்டு. ஸ்கை ட்ரீ கோபுரம் தெரியும் பாலத்தருகே கொண்டுபோய் நிறுத்துவதிலேயே குறியாக இருக்கிறார்கள். 634 மீட்டர் கோபுரம், ஊரில் எங்கே நின்றாலும் தெரியும், அதற்கு ரிக்‌ஷா எதற்கு? கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்துகளில் பழைய மரவீடுகளும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன, அங்கே போங்கள் என்று கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகப் போகிறார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். 35 டிகிரி வெயிலில், பிசுபிசுவென்ற புழுக்கத்தில், நம்மை இழுத்துக்கொண்டு ஒருவர் ஓடுவதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது, அவர் எவ்வளவு சிரித்த முகத்தோடு இருந்தாலும் சரி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம், குளிருக்குக் கம்பளி கொடுத்துவிடுகிறார்கள். தூறலில் மேல்மறைப்பை இழுத்துவிட்டு ஓட்டுவார்கள், பெருமழை என்றால் நிறுத்திவிடுவார்கள். மூன்று பேராகப் போனால் இரண்டு வண்டி எடுக்க வேண்டியிருக்கும், கைக்குழந்தை, சின்னப் பிள்ளை என்றால் மடியில் விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம், தண்டைத் தரையில் வைத்த பிறகு இருக்கை முன்னால் சரியும், அதனால் படிப்பலகையைப் போட்டு அவர் கை கொடுக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது.

போகும்போது கின்சா லைனில் போங்கள், நிஷிகசாயிலிருந்து என்றால் நிஹொன்பாஷியில் மாற வேண்டும். அசகுசாவிலிருந்து உவேனோ வரை 1927 டிசம்பர் 30-ல் திறந்த அந்தத் துண்டுதான் ஆசியாவின் முதல் சுரங்க ரயில், ரிக்‌ஷாக்காரர்களின் மிச்சப் பிழைப்பில் ஒரு பங்கு அதற்கும் போனது. 4-ம் எண் வாசல் வழியாக மேலே வந்தால் கோயில் கூரை மாதிரி கட்டிய பழைய முகப்பு இருக்கும். அங்கிருந்து கமினரிமோன் சில நிமிட நடைதான். காலை 10 மணிக்குள் போய்விட்டால் வரிசை இருக்காது, பேரம் பேச வேண்டாம், பேசினாலும் குறைக்க மாட்டார்கள்.